நிறுவன நிதியில் ஊர்ப் பால்வாடி: டெல்டா கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை கிடைக்கும் ஒரே படிப்பு பெரும்பாலும் ஊர் அங்கன்வாடிதான். அதற்கு நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதியைக் கொண்டுவர நினைக்கும் ஊர்க்குழுக்கள், அறக்கட்டளைகள், மகளிர் குழுக்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆகியோருக்கானது இந்த வழிகாட்டி. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கட்டடம் கேட்டால் நிறுவனம் சீக்கிரம் சம்மதிக்கும். பிள்ளைகளோடு உட்கார ஒரு ஆளுக்கு மூன்று வருடச் சம்பளம் கேட்டால் தயங்கும். பிள்ளைக்கு அதிகம் தேவைப்படுவது அந்த ஆள்தான். எனவே கேட்கும்போதே அதை முன்னால் வைத்துக் கேளுங்கள்.

நிறுவனம் ஏன் கொடுக்கிறது

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிகள் என்பது ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. கல்வி, ஊட்டச்சத்து இரண்டும் அதில் உண்டு. அதனால் பால்வாடிக்கான செலவு சட்டப்படி செல்லும்.

ஆகவே நீங்கள் கேட்பது தயவு அல்ல. அந்த நிறுவனம் எப்படியும் எங்காவது செலவழித்தே ஆகவேண்டிய பணம் அது. கோரிக்கைக் கடிதத்தில் கெஞ்சல் வேண்டாம். கணக்கு இருந்தால் போதும்.

2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, நிறுவனத்தின் சார்பாகப் பணியைச் செய்யும் அறக்கட்டளையோ சங்கமோ வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளோடு, மத்திய அரசின் நிறுவன விவகாரத் துறையில் சி.எஸ்.ஆர்.–1 படிவம் மூலம் பதிவு எண்ணும் பெற்றிருக்க வேண்டும். படிவத்துக்கு ஆடிட்டரின் டிஜிட்டல் கையெழுத்து தேவை. அதே மாதிரியான பணியில் மூன்று வருட அனுபவமும் கேட்பார்கள். ஊரில் புதிதாகத் தொடங்கிய குழுவுக்கு இதெல்லாம் இருக்காது. அதற்காக அவசரமாக ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்வதில் பயனில்லை, மூன்று வருட அனுபவத்தை விலைக்கு வாங்க முடியாது. இரண்டு வழிகள் உண்டு. பதிவுள்ள, உங்கள் பகுதியில் ஏற்கெனவே வேலை செய்கிற அறக்கட்டளையோடு சேருங்கள். அல்லது நிறுவனமே நேரடியாகச் செய்து, சொத்தை அரசிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பொது அதிகார அமைப்பு, பதிவு பெற்ற அறக்கட்டளை, பயனாளிகளின் சுய உதவிக் குழு போன்றவற்றின் பெயரில்தான் இருக்கவேண்டும்.

எந்த நிறுவனத்தைத் தேடிப் போவது

நிறுவனம் தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று சட்டம் சொல்வதால், ஆலை இருக்கும் இடத்தைச் சுற்றியே பணம் சுழல்கிறது. டெல்டா நெல் விளையும் பூமி. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பல வகைப் புதிய கனரகத் தொழில்களுக்கு இங்கே தடை போட்டிருக்கிறது. அது மண்ணுக்கு நல்லது. ஆனால் சி.எஸ்.ஆர். தேடுகிறவர் டெல்டாவின் விளிம்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது: திருச்சியின் பெல், அரியலூர் சிமென்ட் ஆலைகள், நெய்வேலி, புகளூர் காகித ஆலை, கரூரிலும் கும்பகோணத்திலும் தலைமையகம் உள்ள வங்கிகள், கடலோரத்தில் காரைக்காலை மையமாகக் கொண்ட எண்ணெய், எரிவாயு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. முன்னுரிமை என்பது கட்டாயம் அல்ல என்று மத்திய அரசே விளக்கியிருப்பதால் சென்னை, கோவை நிறுவனங்களையும் தயங்காமல் கேட்கலாம்.

பெரிய பெயர்களை மட்டும் பார்க்காதீர்கள். சராசரி லாபம் 6 கோடி உள்ள ஒரு ஜவுளிக்கடை நிறுவனம் வருடம் 12 லட்சம் செலவிட வேண்டும். செலவிடவேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாத நிறுவனத்துக்குத் தனி சி.எஸ்.ஆர். குழு தேவையில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கும். பதிலும் வேகமாக வரும். ஒரு பால்வாடிக்கு இப்படிப்பட்ட நிறுவனமே பொருத்தம். கிளை மேலாளரிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீண். முடிவு தலைமையகத்தில்தான். நிறுவனத்தின் இணையதளத்தில் சி.எஸ்.ஆர். கொள்கையும், அந்த ஆண்டு அனுமதித்த திட்டங்களும் இருக்கவேண்டும் என்பது விதி. அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் பணத்தைப் பற்றி ஊருக்குள் இருவேறு கருத்து இருக்கும். குழுவிலுள்ள நாலு பேர் மட்டும் முடிவெடுத்தால் பால்வாடியே ஊர்ச் சண்டைக்குக் காரணமாகிவிடும். கிராமசபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் வைத்துத் தீர்மானம் போட்ட பிறகே கையெழுத்து. பால்புட்டி, குழந்தை உணவு தயாரிக்கும் நிறுவனங்களின் பணம் எந்த வடிவிலும் வேண்டாம். அந்தப் பொருள்களின் விளம்பரத்தையும் இலவச விநியோகத்தையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அங்கன்வாடிக்குக் கைக்குழந்தையோடு தாய்மார்கள் வருகிறார்கள்.

தனிப் பள்ளி வேண்டாம்

நிறுவனம் "எங்கள் பெயரில் ஒரு ஆங்கிலவழி நர்சரி" என்று ஆரம்பிக்கலாம். ஒப்புக்கொள்ளாதீர்கள். தனியாக மழலையர் பள்ளி நடத்த 2015ஆம் ஆண்டு விளையாட்டுப் பள்ளி விதித்தொகுப்பின்படி அங்கீகாரம் வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடியில் சோறு, முட்டை, சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசி எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. புதுப் பள்ளி திறந்தால் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் அங்கே போவார்கள், அங்கன்வாடியில் வருகை குறையும், நிறுவனம் மூன்று வருடத்தில் விலகியதும் இரண்டும் இருக்காது.

அனுமதி வாங்கும் வரிசை: முதலில் அங்கன்வாடிப் பணியாளரிடம் பேசுங்கள். இதைப் பலர் கடைசியில் செய்கிறார்கள், அதனாலேயே அவர் ஒத்துழைப்பதில்லை. பிறகு வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர், அடுத்து மாவட்டத் திட்ட அலுவலர், அவர் வழியாகக் கலெக்டர். ஊராட்சித் தீர்மானத்தின் நகலை இணைக்கவேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் இல்லாத காலத்தில் தனி அலுவலர் கையெழுத்திடுவார். உங்கள் மையம் அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் 2019இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கிய 2,381 மையங்களில் ஒன்றாக இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் அனுமதியும் வேண்டும். பள்ளி பக்கத்துச் செலவுகளுக்கு 2022 டிசம்பரில் வந்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற தமிழக அரசுத் திட்டத்தின் வழியாகவும் நிறுவனம் கொடுக்கலாம்.

தெருத்தெருவாகக் கணக்கெடுப்பு

மையத்தின் பதிவேட்டை நகல் எடுத்துக் கோரிக்கையில் ஒட்டினால் போதாது. வீடு வீடாகப் போய் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை எண்ணுங்கள். எந்தத் தெரு, மையத்துக்கு எவ்வளவு தூரம், நடுவில் வாய்க்காலோ நெடுஞ்சாலையோ உண்டா, அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், அந்த நேரத்தில் பிள்ளை யாரிடம் இருக்கிறது, இந்த ஐந்தும் போதும்.

கணக்கெடுத்தால் இரண்டு விஷயங்கள் தெரியவரும். ஒன்று, நடவும் களையெடுப்பும் நடக்கும் வாரங்களில் தாய்மார்கள் விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். மையம் திறக்கும் நேரத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து விட வீட்டில் ஆளில்லை. அக்காவைப் பள்ளிக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்க்க வைக்கிறார்கள், அல்லது பிள்ளை வரப்பில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு, மையம் ஊர்த்தெருவில் இருந்தால் ஆதிதிராவிடர் குடியிருப்புப் பிள்ளைகள் குறைவாக வருவதும், அங்கே இருந்தால் ஊர்த்தெருப் பிள்ளைகள் வராமல் இருப்பதும் இன்னும் நடக்கிறது. இதை மறைத்து எழுதாதீர்கள். புது இடம் தேடும்போது இரு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து நடந்துவரக்கூடிய இடமே முதல் தகுதி. தண்ணீர்ப் பானையும் தட்டும் எல்லோருக்கும் ஒன்று என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லலாம். பணம் கொடுப்பவர் சொன்னால் அது கேட்கப்படும்.

கட்டடம் தேவைப்பட்டால்

இருக்கும் கட்டடம் பழுதுபார்க்கக் கூடியது என்றால் பழுதுபாருங்கள். புதிதாகத்தான் கட்டவேண்டும் என்றால் முதல் கேள்வி நிலம். டெல்டாவில் காலியாகத் தெரியும் மனை பலவும் கோயில் நிலமாகவோ மடத்து நிலமாகவோ இருக்கும்; அறநிலையத் துறையின் அனுமதி வருடக்கணக்கில் இழுக்கும். குளம், வாய்க்கால் புறம்போக்கில் கட்டினால் நீதிமன்ற உத்தரவில் இடிபடும். நத்தம் புறம்போக்கு, அல்லது ஊராட்சியின் பெயரில் உள்ள மனைதான் பத்திரம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ–பதிவேட்டு (நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் பதிவேடு) நகலும் புலப்படமும் வாங்கிய பிறகே நிறுவனத்திடம் கட்டடம் பற்றிப் பேசுங்கள்.

அங்கன்வாடிக்கான மத்திய அரசின் அளவு குறைந்தது 600 சதுர அடி. 2013ஆம் ஆண்டு தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை 30 பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறையும், வெளியே குறைந்தது 30 சதுர மீட்டர் விளையாட்டு இடமும் கேட்கிறது. 2022இல் மத்திய அரசு, நூறு நாள் வேலைத் திட்டத்தோடு இணைத்துக் கட்டும் ஓர் அங்கன்வாடிக் கட்டடத்துக்கு 12 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. டெல்டாவில் அது போதாமல் போவதற்கு அடித்தளமே காரணம். களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்ட சுவரில் இரண்டாம் வருடமே விரிசல் விழும். பொறியாளரிடம் மண் பரிசோதனை செய்யச் சொல்லி, அந்தச் செலவையும் மதிப்பீட்டில் சேருங்கள். 2008 நிஷா புயல் மழையில் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, தரைமட்டத்தை அதற்கு மேலே வையுங்கள். கடலோர ஊர்களில் உப்புத் தண்ணீரில் கான்கிரீட் கலக்கவே கூடாது. கம்பி துருப்பிடித்துக் கூரைப்பூச்சு பிள்ளைகள் தலையில் விழும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது தகரக் கூரைகள் பறந்ததை வேதாரண்யம் பக்கத்தார் அறிவார்கள். கான்கிரீட் கூரை மட்டுமே போடுங்கள்.

கீற்று எந்த இடத்திலும் வேண்டாம், கோடைப் பந்தலுக்குக்கூட. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமையலறை வகுப்பறையோடு கதவால் இணையக் கூடாது, சிலிண்டர் வெளியே இருக்கவேண்டும், வகுப்பறைக்கு இரண்டு வாசல், இரண்டும் வெளிப்பக்கம் திறக்கவேண்டும், வாசலில் மூட்டையோ பீரோவோ நிற்கக் கூடாது.

பணம் குறைவாக இருந்தால் எதை முதலில் செய்வது? சுற்றுச்சுவர். குளமும் வாய்க்காலும் பக்கத்தில் இருக்கும் ஊரில் இதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். கேட்டின் தாழ் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அடுத்தது கழிப்பறை: சிறிய பீங்கான், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் குழாய், உள்பக்கம் தாழ் இல்லாத கதவு. கழிவுநீர்த் தொட்டியின் மூடி கனமான கான்கிரீட் பலகையாக இருக்கவேண்டும். துருப்பிடித்த தகரம் பிள்ளையின் எடையைத் தாங்காது. சுவர்ச் சித்திரம் கடைசி. பணம் மீந்தால் பார்க்கலாம்.

இரண்டாவது ஆள்

அங்கன்வாடிப் பணியாளர் காலையில் வந்து எடை பார்க்கிறார், செல்பேசிச் செயலியில் பதிகிறார், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்கிறார், கூட்டத்துக்குப் போகிறார். உதவியாளர் சமைக்கிறார். பிள்ளைகளோடு உட்கார நேரம் எங்கே? தேசியக் கொள்கை மூன்றிலிருந்து ஆறு வயதுக்கு 20 பிள்ளைகளுக்கு ஒரு ஆள் என்கிறது. 25 பிள்ளைகள் உள்ள மையத்தில் ஒரு ஆள் எங்காவது போனால் படிப்பு நின்றுவிடும். நிறுவனப் பணம் நிரப்பவேண்டிய இடம் இதுதான்.

அதே ஊரில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த பெண்ணை எடுங்கள். வெளியூர்க்காரர் மழைக்காலத்தில் வரமாட்டார். காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயம். நியமனக் கடிதத்தை அறக்கட்டளை கொடுக்கவேண்டும், சம்பளம் வங்கி வழியாகப் போகவேண்டும், அரசுப் பணி என்று உரிமை கோர முடியாது என்பது கடிதத்தில் இருக்கவேண்டும். துறை அனுமதிக்கு இந்த வரி தேவைப்படும். மையத்தின் பொறுப்பு அங்கன்வாடிப் பணியாளருடையது, புதியவர் துணை என்பதை இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். நடவு வாரங்களில் புதியவர் ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்து திறப்பதற்குத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கினால், வரப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் உள்ளே வருவார்கள். அந்த நேரத்துக்கு ஒரு பழம், கொஞ்சம் அவல் அல்லது சுண்டல் வேண்டும். பசியோடு வரும் பிள்ளை விளையாடாது.

பாடத்திட்டம் புதிதாக எழுதத் தேவையில்லை. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்றே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' இருக்கிறது. புதியவருக்குத் தொடக்கத்தில் பத்து நாள் பயிற்சி, பிறகு மாதம் ஒரு நாள் அனுபவமுள்ள ஒருவர் மையத்துக்கே வந்து கூட உட்கார்ந்து காட்டுவது. மண்டபத்தில் வைத்து நடக்கும் ஒருநாள் பயிற்சிகளால் மாற்றம் வருவதில்லை. நாலு வயதுப் பிள்ளையிடம் ஏ, பி, சி, டி எழுதச் சொல்லி நிறுவன அதிகாரி முன்னால் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். பென்சில் பிடிக்கும் விரல்பலம் வராத கையில் எழுத்தைத் திணித்தால் பிள்ளை மையத்துக்கு வரவே அழும்.

விளையாட்டுப் பொருள்கள்

25 பிள்ளைகளுக்கு: மரக்கட்டைகள் குறைந்தது 200, படக்கதைப் புத்தகங்கள் 50, ஆளுக்கொரு பலகை, கோரைப்பாய் எட்டு, மணல்தொட்டி ஒன்று, பந்து பத்து, கைப்பொம்மை ஆறு. களிமண் வாய்க்கால் கரையில் இலவசம்; பிசைந்து உருட்டுவதைவிட விரலுக்கு நல்ல பயிற்சி கிடையாது. பனையோலைக் காற்றாடி, சோழி, பல்லாங்குழி, தலையாட்டிப் பொம்மை எல்லாம் இந்த மண்ணிலேயே உண்டு. புளியங்கொட்டை, சோழி, மணி ஆகியவற்றை மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கைக்குப் போகாமல் வையுங்கள். மூக்கிலும் தொண்டையிலும் சிக்கும்.

வாங்கிய பொருள்கள் பீரோவுக்குள் பூட்டியே கிடப்பதுதான் பல மையங்களின் நிலை. உடைந்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்ற பயம்தான் காரணம். 'பயன்பாட்டில் தேயும் பொருள், ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு கழிக்கலாம்' என்று இருப்புப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி, திட்ட அலுவலரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். கட்டைகள் தரைக்கு வரும்.

பணக்கணக்கும் காலக்கணக்கும்

கட்டடம் இல்லாத மூன்று வருடத் திட்டத்தில் 100 ரூபாய்க்கு இப்படிப் பிரிக்கலாம்: இரண்டாவது ஆளின் சம்பளம் 55, பயிற்சியும் மாதாந்திர வழிகாட்டலும் 10, சுவர், கழிப்பறை, பழுது 15, பொருள்கள் 10, வெள்ளச் சேதத்துக்கு ஒதுக்கு 5, கணக்கும் தணிக்கையும் 5. 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது' என்று சொல்லிச் சம்பளத்தை வெட்ட வருவார்கள். அந்த வரம்பு நிறுவனத்தின் சொந்த சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்கானது. திட்டத்தில் நேரடியாக வேலை செய்பவரின் சம்பளம் அதில் சேராது. வைப்புநிதியாகப் போட்டு வட்டியில் நடத்தலாம் என்று கேட்காதீர்கள். மூலநிதிக்குக் கொடுப்பது இப்போது சி.எஸ்.ஆர். செலவாகக் கணக்கில் ஏறாது.

நிறுவனத்தின் வருடம் மார்ச் 31இல் முடிகிறது. டெல்டாவில் ஜூன் 12இல் மேட்டூர் திறப்பது வழக்கம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. இந்த இரண்டையும் பொருத்துவதில்தான் பெரும்பாலான கட்டடத் திட்டங்கள் தோற்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நிலத்தடி நீர் ஏறி, அஸ்திவாரக் குழி ஊறும். ஆகவே ஜனவரிக்குள் கோரிக்கை, ஏப்ரலில் கையெழுத்து, மே மாதத்துக்குள் அஸ்திவாரம், ஆகஸ்டில் கூரை, செப்டம்பரில் ஒப்படைப்பு. டிசம்பரில் காசோலை வந்தால் அவசரப்பட்டுச் சேற்றில் கட்டாதீர்கள். இயக்குநர் குழு இதைத் 'தொடர் திட்டம்' என்று தீர்மானித்தால், செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்கில் வைத்து அடுத்த மூன்று வருடத்தில் செலவிடலாம். அந்தத் தீர்மானம் இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் பணம் மத்திய அரசின் நிதிக்குப் போய்விடும். தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் இருக்கவேண்டியவை

சம்பளத் தொகை ஆறு மாதத்துக்கு முன்பணமாக வரவேண்டும். செலவு செய்து ரசீது அனுப்பினால் தருகிறோம் என்ற ஏற்பாட்டில் மூன்றாம் மாதமே அந்தப் பெண் சம்பளமின்றி நிற்பார். நிறுவனப் பெயர்ப்பலகை ஒன்று, வாசலில், இரண்டடிக்கு ஒன்றரை அடி, அவ்வளவே. தன் பொருளை விற்கும் விளம்பரப் பயனுக்காகச் செய்யும் ஆதரவு சி.எஸ்.ஆர். ஆகாது என்று விதியே சொல்கிறது. பிள்ளைகளின் சட்டையிலும் தட்டிலும் முத்திரை வேண்டாம். படம் எடுக்கப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், பெயரோடு முகம் போகக் கூடாது. அதிகாரிகள் வருகை பருவத்துக்கு ஒருமுறை, முன்னறிவிப்போடு.

அறிக்கைக்கு மூன்று எண்கள் போதும்: மாதவாரியான வருகை (நடவு மாதங்கள் தனியாக), எடைப் பதிவு ஒழுங்காக உள்ள பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். இவற்றோடு ஜூனிலும் பிப்ரவரியிலும் ஒவ்வொரு பிள்ளையையும் விளையாட்டிலேயே கவனித்து எழுதுங்கள். கேட்ட கதையை முன்பின் மாறாமல் சொல்கிறதா, பத்துப் பொருளைத் தொட்டு எண்ணுகிறதா, நிறமும் வடிவமும் சேர்த்துப் பிரிக்கிறதா, மற்ற பிள்ளைக்கு முறை விட்டுக் காத்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். மதிப்பெண் போடாதீர்கள். வருகை குறைந்த மாதத்தைக் குறைவாகவே காட்டி, காரணத்தையும் எழுதுங்கள். எல்லா மாதமும் 25க்கு 25 என்று வரும் அறிக்கையை நிறுவனத் தணிக்கையாளர் நம்பமாட்டார்.

நான்காம் வருடம்

நிறுவனம் விலகும் நாளை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருட முடிவில் அடுத்த நிறுவனத்தைத் தேடத் தொடங்கவேண்டும், மூன்றாம் வருடத்தில் தேடினால் இடையில் ஆறு மாதம் காலியாகும். அந்த இடைவெளியில்தான் பயிற்சி பெற்ற பெண் திருப்பூருக்குப் போய்விடுகிறார். மின்கட்டணம், தண்ணீர் சுத்திகரிப்பான் பராமரிப்பு, கழிவுநீர்த் தொட்டி சுத்தம் ஆகியவற்றை யார் பொறுப்பில் விடுவது என்று ஊராட்சித் தீர்மானத்தில் பெயர் குறித்து எழுதுங்கள். கட்டட ஒப்படைப்பு ஆவணம் மூன்று நகல்: ஊராட்சி அலுவலகம், திட்ட அலுவலர், மையத்தின் பதிவேடு. பொருள் பட்டியல், மின் இணைப்பு எண், ஒப்பந்ததாரரின் உத்தரவாதக் கடிதம், கட்டட வரைபடம் நான்கையும் அதோடு தைத்துவிடுங்கள். அடுத்த மழையில் கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்பது அந்தத் தாளில் இருக்கும்.